100 கிராம் மிளகாயும் 1.5 கிலோ பன்றிக்கறியும்: பினாங்கு வீட்டில் சீலே கொலொராடோ, ஒரு நிகழ்வு ஆய்வு

1.5 கிலோ பன்றிக்கறிக்கு 100 கிராம் காய்ந்த மிளகாய். சீலே கொலொராடோவுக்கு இணையத்தில் கிடைத்த மெக்சிகோ சமையல் குறிப்பில் அப்படித்தான் போட்டிருந்தது. ஜெலுத்தோங்கில் இருக்கும் என் அக்கா அதைத் தராசில் நிறுத்து, கூடாமல் குறையாமல் அப்படியே போட்டார். கறி மூன்று மணி நேரம் மெல்ல வெந்து, கரண்டி பட்டாலே பிரிகிற பதத்துக்கு வந்தது. கருஞ்சிவப்பு நிறம், நல்ல கெட்டி, வாசனை மாடிப்படி வரைக்கும் போனது. ஆனால் வீட்டில் ஒருவராலும் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிட முடியவில்லை. இத்தனைக்கும் மிளகாய்ச் சம்பல் இல்லாமல் சோறு இறங்காத குடும்பம், சிலி பாடி என்கிற குட்டிக் கார மிளகாயைப் பச்சையாகக் கடித்துக்கொள்கிற ஆட்கள்.

அன்றைக்கு எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: மெக்சிகோக்காரர்கள் நம்மைவிட பயங்கரமாகக் காரம் சாப்பிடுகிறவர்கள், அடுத்த முறை மிளகாயைக் குறைத்துப் போடு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தீர்ப்பு தவறு, அதை நம்பி வைத்த அடுத்த சட்டி இன்னொரு விதத்தில் கெட்டது. இந்த உணவைச் சரியாகச் செய்துவிட முடியும், அதுவும் பினாங்கில் கிடைக்கிற பொருட்களை வைத்தே, என்று தெரிந்த பிறகுதான் இதை எழுதுகிறேன். இடையில் என்ன நடந்தது, ஏன் நடந்தது என்பதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், இதே குறிப்பை வைத்துக்கொண்டு அடுப்படியில் நிற்கிறவர்களுக்கு உதவும்.

சட்டியில் இருந்தது என்ன

சீலே கொலொராடோ என்பது வடக்கு மெக்சிகோவின் சிவப்பு மிளகாய்க் குழம்பு. சிவாவா, சொனோரா மாநிலங்களில் வீட்டுச் சாப்பாடு. பன்றியிலும் செய்வார்கள், மாட்டிறைச்சியிலும் செய்வார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் இதற்கு நெருங்கிய உறவாக கார்னே அடோவாடா என்று ஒன்று இருக்கிறது, அங்கே பன்றிக்கறியை மிளகாய் விழுதில் ஊறவைத்து அதிலேயே வேகவைக்கிறார்கள். மிளகாய் அவர்கள் மண்ணில் பிறந்த பயிர். பன்றி 1500களில் ஸ்பானியர்களோடு கப்பலில் போனது. நமக்கு நேர்மாறு: பன்றி நம் பக்கம் காலங்காலமாக இருந்தது, மிளகாய் போர்த்துக்கீசியர்களோடு கடல் தாண்டி வந்தது.

குறிப்பில் மூன்று மிளகாய் சொல்லியிருந்தார்கள். குவாஹியோ 60 கிராம், ஆஞ்சோ 40 கிராம், பிறகு ஆர்போல் நாலைந்து. அக்கா மூன்றுக்கும் பதிலாக வீட்டில் சம்பலுக்கு வாங்கி வைத்திருந்த காய்ந்த மிளகாயையே போட்டார். மலேசியக் கடைகளில் காய்ந்த மிளகாய் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வருவது. அக்கா வாங்கிய பொட்டலத்தில் ரகத்தின் பெயர் எதுவும் இல்லை, கடையில் கேட்டபோது 'நல்லா உறைக்கும்' என்று மட்டும் சொன்னார்களாம்.

இங்கேதான் கணக்கு உதைக்கிறது. காரத்தை அளக்க 1912இல் வில்பர் ஸ்கோவில் என்பவர் ஓர் அளவு வைத்தார், இன்றும் அவர் பெயரில்தான் சொல்கிறோம். அந்த அளவில் குவாஹியோ சுமார் 2,500 முதல் 5,000 வரை. ஆஞ்சோ அதைவிடச் சாது, 1,000 முதல் 2,000 வரை. ஆர்போல் மட்டும்தான் 15,000 முதல் 30,000 வரை போகிறது, அதனால்தான் குறிப்பில் அதை மட்டும் எண்ணிப் போடச் சொல்கிறார்கள். இந்தியாவிலிருந்து நிறைய ஏற்றுமதியாகிற குண்டூர் சன்னம் மிளகாயோ 35,000 முதல் 40,000 வரை. அக்கா போட்டது அந்த வகையாக இருந்தால், எடை அதே 100 கிராமாக இருந்தும் சட்டிக்குள் போன காரம் குறிப்பு நினைத்ததைப் போலப் பத்து மடங்குக்கு மேல். மெக்சிகோவில் ஒரு குழந்தைகூட அந்தக் குழம்பைத் தொட்டுக்கொள்ளும். எங்கள் வீட்டுச் சட்டியில் இருந்ததை சிவாவாவிலிருந்து ஆள் வந்திருந்தாலும் சாப்பிட்டிருக்க முடியாது.

மூன்று மணி நேரம் கொதித்தால் காரம் அடங்கிவிடும் என்று அத்தான் நம்பிக்கையோடு காத்திருந்தார். அடங்காது. காரத்தைத் தருகிற கேப்சைசின் சாதாரணச் சமையல் சூட்டில் பெரிதாக அழிவதில்லை. தண்ணீரில் அது சரியாகக் கரையாது, கொழுப்பில் நன்றாகக் கரையும். தோள்பட்டைக் கறியில் கொழுப்புக்குக் குறைவில்லை. அது உருக உருக காரத்தை இழுத்துக்கொண்டு ஒவ்வொரு துண்டுக்குள்ளும் போய்விட்டது. கடைசியில் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் ஊற்றி, உருளைக்கிழங்கு போட்டு, எப்படியோ இரண்டு நாளில் தீர்த்தார்கள். அது சாப்பாடாக ஆனது, சீலே கொலொராடோவாக இல்லை.

விதையைப் பற்றி ஒரு சந்தேகமும் வந்தது. காரம் விதையில்தான் இருக்கிறது என்று நம் வீடுகளில் எல்லோரும் சொல்வோம். உண்மையில் அது விதை ஒட்டிக்கொண்டிருக்கும் உள் நரம்பில்தான் அதிகம், விதைக்கு அது பூசிக்கொள்வதோடு சரி. அக்கா காம்பைக் கிள்ளி, மிளகாயைக் குலுக்கி விதையைக் கொட்டியிருக்கிறார். நரம்பு அப்படியே உள்ளே நின்றுவிட்டது. கத்தரிக்கோலால் நீளமாகக் கிழித்து, சின்னக் கரண்டியால் சுரண்டினால்தான் வரும். ஆனால் இதை மட்டும் சரி செய்திருந்தாலும் பத்து மடங்கு வித்தியாசம் ஓடிப் போயிருக்காது.

குறைத்துப் போட்டபோது

அடுத்த சட்டிக்கு அக்கா அதே மிளகாயில் ஒரு டஜன்தான் எடுத்தார். விழுது கொஞ்சமாகத்தான் வந்தது, ஒன்றரைக் கிலோ கறிக்கு எங்கே போதும்? அதனால் தக்காளி நாலு, பெரிய வெங்காயம் மூன்று அரைத்துச் சேர்த்தார். கை பழக்கத்தில் மல்லித்தூளும் இரண்டு கரண்டி போனது. கொழுப்பு வேண்டாம் என்று அத்தான் சொன்னதால் தோள்பட்டைக்குப் பதிலாக முதுகுப் பக்கத்துச் சதைக்கறி.

காரம் அளவாக இருந்தது. பிள்ளைகள் சாப்பிட்டார்கள். ஆனால் வாயில் வைத்ததும் எனக்குத் தெரிந்தது நம் வீட்டுத் தக்காளிக் கறிதான். நிறம் ஆரஞ்சு. கறியோ நார் நாராகக் காய்ந்து, குழம்பு ஒரு பக்கம் கறி ஒரு பக்கம் என்று நின்றது. ருசியில்லை என்று சொல்ல மாட்டேன், நன்றாகவே இருந்தது, ஆனால் அதற்கு இத்தனை மணி நேரம் அடுப்பு எரிய வேண்டியதில்லை, நம் பன்றி வறுவல் அரை மணி கூடுதலாக நின்றாலே இதைவிட நன்றாக வரும்.

ஆய்வாகப் பார்த்தால் இந்தச் சட்டியில் ஒரு சிக்கல்: மிளகாயின் அளவும் மாறியது, கறியும் மாறியது. எது எதைக் கெடுத்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

கறியின் கதை சுலபம். பன்றியின் தோள்பட்டை நாளெல்லாம் உடம்பைத் தாங்குகிற தசை, அதில் இணைப்புத் திசு நிறைய. அதிலிருக்கும் கொலாஜென் 70 டிகிரிக்கு மேல் நின்று நிதானமாக ஜெலட்டினாக இளகும், கறியின் உள்சூடு 90 டிகிரியைத் தாண்டி அங்கேயே கொஞ்ச நேரம் நிற்கும்போதுதான் அந்த விரல் பட்டால் பிரிகிற பதம் வரும். முதுகுச் சதையில் இளகுவதற்கு அவ்வளவு கொலாஜென் கிடையாது. அதை மூன்று மணி நேரம் வைத்தால் தண்ணீரை எல்லாம் வெளியே விட்டுவிட்டு நார் மட்டும் மிஞ்சும். அதனால் கொழுப்புக்குப் பயந்து சதைக்கறி வாங்குகிறவர்கள் இந்த உணவை விட்டுவிடலாம், வறுவலோ பிரட்டலோ செய்துகொள்ளலாம். ஜெலுத்தோங் மார்க்கெட்டில் காலையிலேயே போனால் தோள்பட்டையை முழுதாகக் காட்டி, கேட்ட அளவில் வெட்டிக் கொடுப்பார்கள். ஐந்து சென்டிமீட்டர் துண்டாகக் கேட்க வேண்டும். வறுவலுக்கு வெட்டுகிற மாதிரி சின்னச் சின்னதாக வாங்கினால் மூன்று மணி நேரத்தில் கரைந்தே போகும்.

மிளகாயின் கதைதான் பெரியது.

எது குழம்பைக் கெட்டியாக்குகிறது

நம் குழம்பில் கெட்டி எங்கிருந்து வருகிறது? வெங்காயம் வதங்கிக் குழைவதிலிருந்து, தேங்காய் அரைப்பதிலிருந்து, மல்லித்தூளிலிருந்து, குருமா என்றால் கசகசாவிலிருந்தும் முந்திரியிலிருந்தும். மிளகாய் காரத்துக்கும் நிறத்துக்கும் வருகிறதே தவிர, அதை எடுத்துவிட்டாலும் குழம்பு குழம்பாகத்தான் நிற்கும். சம்பல் மட்டும்தான் நம் ஊர்ச் சாப்பாட்டில் இதற்கு விதிவிலக்கு, அதையும் கரண்டியளவு தொட்டுக்கொள்கிறோமே தவிர கிண்ணத்தில் ஊற்றிச் சாப்பிடுவதில்லை.

சீலே கொலொராடோவில் மிளகாய்தான் காய்கறி. குவாஹியோவும் ஆஞ்சோவும் உள்ளங்கை நீளத்துக்குப் பெரியவை, ஆஞ்சோ என்பது பொப்லானோ என்கிற சதைப்பற்றுள்ள பெரிய மிளகாயைப் பழுக்கவிட்டுக் காயவைத்தது. ஊறவைத்தால் உப்பிக்கொண்டு வரும், அரைத்தால் 100 கிராமில் இரண்டு கோப்பை விழுது கிடைக்கும். அந்த விழுதுதான் குழம்பின் உடம்பு முழுவதும். வெங்காயம் பாதி, பூண்டு சில பல், அவ்வளவுதான். அதனால் மிளகாயைக் குறைத்தால் காரம் குறையும், கூடவே குழம்பே காணாமல் போகும், அந்த இடத்தை நாம் தக்காளியால் நிரப்புவோம், அது தக்காளிக் கறியாகிவிடும். அக்காவின் இரண்டாவது சட்டியில் நடந்தது இதுதான். மிளகாயின் அளவைத் தொடக்கூடாது, மிளகாயைத்தான் மாற்ற வேண்டும்.

நான் சொன்னபோது அக்கா நம்பவில்லை. "திரும்பவும் நூறு கிராமா? ஒன்னுக்கு ரெண்டு தடவ யோசிச்சுச் சொல்லு தம்பி" என்றார். ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மளிகைக் கடையில் காரம் இல்லாத மிளகாய் வேண்டும் என்றதும் கடைக்காரர் அக்காவைப் பார்த்துக் கேட்டார்: "கலருக்காம்மா, காரத்துக்கா?" இதைவிடத் தெளிவாக யாரும் கேட்க முடியாது. நம் மளிகைக் கடைகளில் இந்தப் பாகுபாடு ஏற்கெனவே இருக்கிறது, இந்தப் பிரச்சினைக்கான பாதிப் பதில் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. கலருக்கு என்றால் அவர் எடுத்துக்காட்டுவது காஷ்மீரி, இல்லையென்றால் கர்நாடகத்தின் பியாட்கி. பியாட்கி ஹாவேரி மாவட்டத்துச் சரக்கு, 2011இல் புவிசார் குறியீடு வாங்கியது. தோல் சுருங்கிச் சுருங்கி, ஆழ்ந்த சிவப்பாக இருக்கும், காரம் கம்மி. அதிலிருந்து எடுக்கிற நிறச்சாறு உதட்டுச் சாயத்துக்கும் நகப்பூச்சுக்கும்கூடப் போகிறது. சம்பல் மிளகாயின் வழவழப்பான தோலையும் இந்தச் சுருக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழப்பமே வராது.

தூளாக வாங்கலாமா என்று அக்கா கேட்டார். வேண்டாம் என்றேன். தூளில் விதையும் நரம்பும் சேர்ந்தே அரைபட்டிருக்கும், வதக்கும்போது கணத்தில் கருகும். முழு மிளகாய் கையில் இருந்தால் சுரண்டிக்கொள்ளலாம், வறுபடுவதையும் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த மாற்று என் கண்டுபிடிப்பு ஒன்றும் கிடையாது. கோவாவின் விண்டாலூவைப் பாருங்கள்: பன்றிக்கறி, காஷ்மீரி மிளகாய் விழுது, பூண்டு, வினிகர், சீரகம், பட்டை, கிராம்பு. போர்த்துக்கீசியர் கொண்டு வந்த வினிகர்-பூண்டுக் கறியில் இந்திய மிளகாய் ஏறி உட்கார்ந்த உணவு அது. மெக்சிகோவின் அடோபோ என்கிற மிளகாய்-வினிகர் விழுதுக்கும் அதற்கும் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்து ஒரே பாட்டி என்றே நான் நினைக்கிறேன். காரமில்லாத சிவப்பு மிளகாயும் பன்றிக் கொழுப்பும் நன்றாகச் சேரும் என்று கோவாக்காரர்கள் எப்போதோ காட்டிவிட்டார்கள்.

ஆனால் காஷ்மீரியோ பியாட்கியோ போட்டால் மட்டும் முடிந்துவிடாது. இரண்டுக்கும் தோல் மெல்லிசு, ஆஞ்சோவின் சதை கிடையாது. ஆஞ்சோவில் இருக்கிற காய்ந்த திராட்சை மாதிரியான இனிப்பும் கிடையாது. சதைக்கு ஒரு பெரிய சிவப்புக் குடைமிளகாயை நேரே நெருப்பில் சுட்டுத் தோலுரித்துச் சேர்த்தோம், கேமரன் மலையிலிருந்து வருகிறதே அதுதான். குடைமிளகாயும் பொப்லானோவும் ஒரே இனம், அதனால் அது அந்நியமாக நிற்கவில்லை. இனிப்புக்கு உலர்ந்த திராட்சை ஒரு மேசைக்கரண்டி, மிளகாயோடு சேர்த்து ஊறவைத்தது. புகையூட்டிய மிளகாய்த்தூள் போடச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். புகை வாசனை சிப்போட்லே என்கிற புகையூட்டிய மெக்சிகோ மிளகாய்க்கு உரியது, ஆஞ்சோவும் குவாஹியோவும் புகையூட்டாதவை.

மற்ற சாமான்கள் நம் வீட்டிலேயே

மெக்சிகோ ஓரிகானோ என்பது பீட்சாவில் தூவுகிற ஓரிகானோ இல்லை, வேறு குடும்பத்துச் செடி, வாசனை இன்னும் தூக்கலாக இருக்கும். இங்கே தேடி அலைய வேண்டாம். கற்பூரவள்ளி எத்தனை வீட்டு வாசலில் தொட்டியில் நிற்கிறது! இரண்டிலும் கார்வக்ரோல், தைமால் என்கிற அதே வாசனைப் பொருட்கள்தான் முக்கியமானவை. நாலு இலை போதும், அதிகமானால் இருமல் கஷாய வாசனை வந்துவிடும்.

பட்டையில் கவனம் வேண்டும். மெக்சிகோ சமையலில் போடுவது இலங்கைப் பட்டை, இலங்கையிலிருந்து மிக அதிகமாக வாங்குகிற நாடு மெக்சிகோதான். மெல்லிய ஏடு ஏடாகச் சுருண்டிருக்கும், கையால் நொறுக்கலாம். கறிக்கு நாம் வழக்கமாகப் போடுகிற தடித்த மரப்பட்டை போட்டால் அதுதான் முன்னால் வந்து நிற்கும். சீரகம் ஒரு தேக்கரண்டி, கிராம்பு இரண்டு, பிரிஞ்சி இலை ஒன்று. மல்லித்தூள், மஞ்சள், கறிவேப்பிலை எதுவும் கிடையாது.

இஞ்சியும் கிடையாது. அக்காவுக்கு ஏற்கவே முடியாமல் போனது இதுதான். இஞ்சி இல்லாமல் பன்றிக்கறியா, கவிச்சி அடிக்காதா என்று கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். என் பதில்: அன்று காலையில் வெட்டிய கறியில் கவிச்சி பெரிதாக இருக்காது, வாங்கி வந்து கழுவிய ஈரத்தோடு அப்படியே போடுவதுதான் பாதிக் கவிச்சிக்குக் காரணம். துணியால் ஒற்றி எடுத்து, எடைக்கு ஒன்றரை சதவீதம் உப்பு, அதாவது ஒன்றரைக் கிலோவுக்கு சுமார் 22 கிராம், தடவி ராத்திரி குளிர்பெட்டியில் மூடாமல் வைத்தால் காலையில் மேல் தோல் காய்ந்து நிற்கும். அது நன்றாகச் சிவந்து வறுபடும், வறுபட்ட கறிக்குக் கவிச்சி ஏது? கடைசியில் விழுகிற வினிகர் மிச்சத்தையும் பார்த்துக்கொள்ளும்.

சரியாக வந்த சட்டி

மிளகாய் 100 கிராம், காஷ்மீரியும் பியாட்கியும் பாதிப் பாதி, கிழித்துச் சுரண்டிய பிறகு நிறுத்தது. ஆர்போலுக்குப் பதிலாக அந்தப் பழைய சம்பல் மிளகாயில் மூன்று. காய்ந்த தோசைக்கல்லில் நாலைந்தாகப் போட்டு, ஒரு பக்கம் அரை நிமிடம்கூடப் போகாது, வாசனை எழுந்து தோல் லேசாக நெளிந்ததும் திருப்பி எடுத்துவிட வேண்டும். எண்ணெயில் தாளிப்பது போல் மொத்தமாகக் கொட்டி வறுத்தால் நாலு மிளகாய் கருகும், அந்த நாலின் கசப்பு இரண்டு கோப்பை விழுதிலும் ஏறும். வெந்நீரில் அரை மணி ஊறவைத்தோம். ஊறிய தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பது என் வழக்கம்: கசந்தால் கொட்டிவிட்டு வேறு தண்ணீர், கசக்கவில்லை என்றால் அதையே ஊற்றி அரைக்கலாம். தோலோடு சுட்ட பூண்டு ஆறு பல், கல்லில் வாட்டிய வெங்காயம் பாதி, சுட்ட குடைமிளகாய், திராட்சை, மசாலா எல்லாம் சேர்த்து பிளண்டரில் நன்றாக ஓட்டி, வடிகட்டியில் கரண்டியால் தேய்த்து எடுத்தோம். வடிகட்டுவதைச் சோம்பலில் விட்டுவிடக் கூடாது. காஷ்மீரியின் தோல் எவ்வளவு அரைத்தாலும் காகிதச் சுருள் மாதிரி நாக்கில் நிற்கும்.

குவாலியில், அதாவது இரும்புச் சட்டியில், கறியிலிருந்து வெட்டிய கொழுப்பை உருக்கி, துண்டுகளைக் கூட்டம் சேர்க்காமல் இரண்டு மூன்று தடவையாக வறுத்து எடுத்தோம். அந்தக் கொழுப்பிலேயே விழுதை ஊற்றினோம். தெறிக்கும், மூடியைக் கேடயமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். எட்டுப் பத்து நிமிடம் கிண்டக் கிண்ட, பச்சை வாடை போய், நிறம் செங்கல்லிலிருந்து கருஞ்சிவப்புக்கு இறங்கி, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து வந்தது. இதை அக்காவுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. சம்பல் வதக்குகிற கைக்கு அந்தப் பதம் தெரியும். மெக்சிகோப் பெண்களும் இதே பதத்துக்குத்தான் காத்திருக்கிறார்கள். அக்கா தயக்கத்தை விட்டது இந்த இடத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிறகு கறி, மூழ்கியும் மூழ்காமலும் வெந்நீர், மூடி லேசாகத் திறந்து. நம் அடுப்பில் தீயை எவ்வளவு குறைத்தாலும் மூன்று மணி நேரத்துக்கு அது அதிகம்தான், அடிப்பிடிக்கும். அதனால் தோசைக்கல்லைக் கீழே வைத்து அதன் மேல் சட்டியை வைத்தோம், தீ பரவி, மேலே குமிழ் எப்போதாவது ஒன்று வந்து போகிற அளவில் நின்றது. ஓவன் இருக்கிறவர்கள் 150 டிகிரியில் மூடி வைத்தால் போதும், அடுப்படிச் சூட்டில் நிற்கவும் வேண்டாம். பிரஷர் குக்கரில் 40 நிமிடத்தில் கறி வெந்துவிடும், அதை மறுக்கவில்லை, ஆனால் உள்ளே தண்ணீர் ஆவியாகிப் போவதில்லை என்பதால் குழம்பு சுண்டாமல் நீர்த்து நிற்கும். அவசரத்துக்குக் குக்கர் வைத்தால் திறந்த பிறகு அரை மணியாவது சுண்டவிட வேண்டும்.

இரண்டரை மணிக்கு மேல் முள்கரண்டி தானாக இறங்கியது. அப்புறம்தான் வினிகர் ஒரு மேசைக்கரண்டி. மேலே கருஞ்சிவப்பாகக் கொழுப்பு மிதந்தது, அக்கா முழுவதையும் எடுத்துக் கொட்டப் போனார், பாதியை நிறுத்தி வைத்தேன். மிளகாயின் சிவப்பு நிறமும் வாசனையும் கொழுப்பில் கரைகிறவை, அதைச் சுத்தமாக எடுத்தால் குழம்பு மங்கிவிடும்.

காரம் நம் சாதாரணக் கோழிக்கறியைவிடக் குறைவு. 100 கிராம் மிளகாய் போட்ட குழம்பைப் பிள்ளைகள் ஊற்றி ஊற்றிச் சாப்பிட்டார்கள். முதலில் இனிப்பு, பிறகு ஒரு புளிப்பு, கடைசியில்தான் தொண்டையில் மெல்லிய சூடு. கொழுப்பு வேண்டாம் என்ற அத்தான் மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டார். உண்மையான குவாஹியோவின் அந்தக் கூர்மையான புளிப்பு இதில் முழுதாக இல்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் உணவின் அமைப்பு சரியாக வந்துவிட்டது: மிளகாய் விழுது குழம்பாக நின்றது, கறி அதற்குள் இளகி நின்றது.

அக்காவின் மாமியார் பன்றி சாப்பிடுவதில்லை. அவருக்காக, கறியைத் தொடுவதற்கு முன்பே விழுதில் ஒரு கோப்பையைத் தனியாக எடுத்து, வேறு சட்டியில் எண்ணெயில் வதக்கி, உருளைக்கிழங்கும் காளானும் போட்டோம். அதுவும் நன்றாக வந்தது. முஸ்லிம் நண்பர்கள் வருகிற அன்று இதைச் சமைக்காமல் இருப்பதுதான் மரியாதை, சட்டியும் கரண்டியும் தனியாக வைத்துக்கொண்டாலும்.

தொட்டுக்கொள்ள

தொட்டியா என்கிற மெக்சிகோ ரொட்டியை, அதுவும் மக்காச்சோளத்தில் செய்ததை, தேடி ஓட வேண்டாம். வடக்கு மெக்சிகோ கோதுமை விளைகிற பக்கம், சொனோராவில் கோதுமைத் தொட்டியாவில்தான் இதைச் சாப்பிடுகிறார்கள். அதனால் வீட்டுச் சப்பாத்தி இதற்குப் பொருத்தமான ஜோடி, மெல்லியதாக இட்டால் இன்னும் நல்லது. சோளத் தொட்டியாதான் வேண்டும் என்றால் சாதாரணச் சோளமாவில் வராது, சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த மாவு வேண்டும், நாம் வெற்றிலைக்குத் தடவுகிற அதே சுண்ணாம்புதான் அங்கே வேலை செய்கிறது. பக்கத்தில் சிவப்பு வெங்காயத்தை மெல்லியதாக அரிந்து, உப்பும் லிமாவ் கஸ்தூரி என்கிற சின்ன எலுமிச்சையின் சாறும் பிழிந்து வையுங்கள், கொழுப்புக்கு அது தேவை. சோற்றில் பிசைந்தும் சாப்பிடலாம், அக்கா வீட்டில் ராத்திரி அப்படித்தான் தீர்ந்தது.

மிஞ்சினால் இந்த ஊர்ச் சூட்டில் அடுப்பிலேயே விட்டுவிடக் கூடாது, இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான பாத்திரத்தில் ஆறவைத்து உள்ளே வைக்க வேண்டும். மறுநாள் இன்னும் ருசியாக இருக்கும், ஜெலட்டின் உறைந்து கெட்டியாக வரும், சூடாக்கினால் இளகிவிடும். விழுதை மட்டும் இரட்டிப்பாக அரைத்து டப்பாவில் உறையவைக்கலாம், அக்கா இப்போது அப்படித்தான் செய்கிறார். ஒன்று மட்டும்: உறையவைப்பது வதக்காத விழுதாக இருந்தால், எடுத்து நேரே கறியில் ஊற்றிக் கொதிக்கவிடாதீர்கள், பச்சை வாடை மூன்று மணி நேரம் வெந்தாலும் போகாது. பனி விட்டதும் கொழுப்பில் எண்ணெய் பிரிகிற வரைக்கும் வதக்கிவிட்டுத்தான் தண்ணீரைத் தொட வேண்டும்.